ஆர்என்ஏ வைரஸ் நம் செல்லின் எந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது? தடம்பிடிக்க ஒரு வழி

"வைரஸ் செல்லுக்குள் நுழைந்து அதன் இயந்திரங்களைப் பயன்படுத்திப் பெருகுகிறது" என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். எந்த இயந்திரம், எந்த நேரத்தில், அது இல்லாவிட்டால் வைரஸ் என்ன ஆகும் என்று கேட்டால் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தவர்களே கொஞ்சம் தடுமாறுவார்கள். ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாலோ சுருக்கெழுத்துப் பெயர்கள் நூறு வரும், அம்புக்குறிகள் எல்லாத் திசையிலும் பாயும், படித்து முடித்ததும் ஒன்றும் மனதில் நிற்காது. அந்தக் காட்டுக்குள் வழி தவறாமல் நடக்கத்தான் இது. எந்த வைரஸுக்கும் பொருந்தும், ஆனால் போலியோவை வைத்தே சொல்கிறேன். அது சின்ன வைரஸ், அதிகம் ஆராயப்பட்ட வைரஸ், அதில் கற்றுக்கொண்டது மற்றவற்றுக்கும் உதவும்.

வேண்டியது ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும். செல்லின் புரதங்களிலிருந்து தொடங்கவே தொடங்காதீர்கள். முதலில் வைரஸின் சொத்துக் கணக்கை எழுதுங்கள்.

போலியோவின் ஆர்என்ஏ ஏறத்தாழ 7,400 எழுத்துகள். அதிலிருந்து ஏறத்தாழ 2,200 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரே புரதம் உருவாகி, பிறகு துண்டு துண்டாக வெட்டப்பட்டு, கடைசியில் 11 புரதங்கள் ஆகும். நான்கு மேலுறைக்கு. மிச்சம் ஏழு: 2ஏ, 2பி, 2சி, 3ஏ, 3பி, 3சி, 3டி. இதில் 3பி-க்கு விபிஜி என்று இன்னொரு பெயர் உண்டு, வெறும் 22 அமினோ அமிலம்தான். முழுதாக வெட்டுப்படாத இடைநிலைத் துண்டுகளுக்கும் தனி வேலை இருக்கும், 3சிடி என்று பார்த்தால் அது 3சி-யும் 3டி-யும் ஒட்டியே இருக்கும் துண்டு என்று புரிந்துகொள்ளுங்கள். அவ்வளவுதான் மொத்தச் சொத்து. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் கிடையாது, அதற்கு அமினோ அமிலம் கொண்டுவரும் டிஆர்என்ஏ கிடையாது, ஆற்றல் தரும் ஏடிபி தயாரிக்க வழியில்லை, ஒரு சொட்டு கொழுப்புப் படலம்கூடச் சொந்தமாக இல்லை. கல்யாண வீட்டுக்குக் கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வரும் சமையல்காரர் மாதிரி. அடுப்பு, அண்டா, விறகு எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு.

அந்தக் கரண்டி 3டி, அதாவது ஆர்என்ஏவைப் பார்த்து ஆர்என்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ். வைரஸ் எதைக் கையோடு கொண்டுவருகிறது என்று பார்த்தாலே செல்லில் எது கிடைக்காது என்பது தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான எழுத்துள்ள ஆர்என்ஏவை ஆர்என்ஏவிலிருந்தே நகலெடுக்க நம் செல்லிடம் ஏற்ற என்சைம் இல்லை, ஆகவே அந்த மரபணுவை வைரஸ் வைத்திருந்தே ஆகவேண்டும். போலியோவின் ஆர்என்ஏவை ரைபோசோம் நேரடியாகப் படித்துவிடும் (இதற்கு நேர்மறை ஆர்என்ஏ என்று பெயர்), அதனால் மரபணு மட்டும் இருந்தால் போதும், பாலிமரேஸை உள்ளே வந்து தயாரித்துக்கொள்ளலாம். இன்ஃப்ளூயன்சா, ரேபிஸ், எபோலா மாதிரி எதிர்மறை ஆர்என்ஏ வைரஸ்களுக்கு, அதாவது ரைபோசோமால் நேரடியாகப் படிக்க முடியாத ஆர்என்ஏ கொண்டவற்றுக்கு, அந்த வசதி இல்லை, தயாரான பாலிமரேஸையே துகளுக்குள் வைத்து எடுத்து வரவேண்டும். நீங்கள் எடுத்துக்கொண்ட வைரஸ் இந்த இரண்டில் எந்த வகை என்று தாளின் மேலே எழுதிவிடுங்கள்.

அப்புறம் குறுக்கே ஒரு கோடு போட்டு, நுழைவு, உறை கழற்றல், புரதத் தயாரிப்பு, இடம் பிடித்தல், நகலெடுப்பு, பொட்டலம் கட்டுதல், வெளியேற்றம் என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். போலியோ இதையெல்லாம் ஏழெட்டு மணி நேரத்தில் முடித்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டியது, "இந்த வேலைக்கு வைரஸிடம் என்ன குறைகிறது?" என்பதுதான். குறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் செல்லின் புரதம் வந்து உட்கார்ந்திருக்கும்.

நுழைவு சுலபம். போலியோவுக்கு சிடி155 என்ற மேற்பரப்புப் புரதம் வேண்டும், 1989-இல் கண்டுபிடித்தார்கள். எலிகளிடம் இதே வடிவில் அது இல்லை, அதனால் சாதாரண எலிக்குப் போலியோ பிடிக்காது. மனித சிடி155 மரபணுவை எலிக்குள் வைத்தால் பிடிக்கிறது, கால் விளங்காமல் போகிறது. இதில் கற்றுக்கொள்ள வேண்டிய உத்தி அதற்கும் 30 வருடம் முந்தையது. 1959-இல், போலியோ வழக்கமாகத் தொடாத விலங்குகளின் செல்களுக்குள் வைரஸின் ஆர்என்ஏவை மட்டும் பிரித்தெடுத்து நேரடியாகப் புகுத்திப் பார்த்தார்கள். புது வைரஸ் துகள்கள் வந்தன. ஆனால் ஒரே சுற்றுதான், ஏனென்றால் அப்படிப் பிறந்த துகள்களுக்குப் பக்கத்துச் செல்லின் கதவு திறக்கவில்லை. தடை வாசலில் மட்டும்தான், உள்ளே தேவையானதெல்லாம் இருக்கிறது என்பது இந்த ஒரு சோதனையிலேயே தெளிவாகிவிட்டது. ஆகவே "இந்தப் புரதம் இல்லாவிட்டால் வைரஸ் வளர்வதில்லை" என்று எங்கே படித்தாலும், ஆர்என்ஏவை நேரடியாகப் புகுத்திப் பார்த்தார்களா என்று தேடுங்கள். புகுத்தினால் வளர்கிறது என்றால் அந்தப் புரதத்தின் வேலை நுழைவிலோ உறை கழற்றலிலோ முடிந்துவிட்டது. புகுத்தியும் வளரவில்லை என்றால் கோட்டில் இன்னும் வலப்பக்கம் போய்த் தேடவேண்டும். பாதிக் குழப்பம் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது புரதத் தயாரிப்பு, இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். நம் செல்லின் எம்ஆர்என்ஏக்களுக்கு (புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏக்கள்) முன்முனையில் ஒரு வேதித் தொப்பி இருக்கும். அந்தத் தொப்பியை இஐஎஃப்4இ என்ற புரதம் பிடிக்கும், அதை இஐஎஃப்4ஜி என்ற நீளமான புரதம் பிடிக்கும், அதன் மறுபக்கத்தில் இன்னொரு காரணி வழியாக ரைபோசோம் வந்து சேரும். அதாவது இஐஎஃப்4ஜி ஒரு பாலம். போலியோவின் ஆர்என்ஏவுக்குத் தொப்பி கிடையாது. அதற்குப் பதிலாக, ஆர்என்ஏவின் முன்பகுதி சிக்கலாக மடிந்து, ரைபோசோமை நடுவிலேயே இறக்கிக்கொள்ளும் ஒரு மேடையாக இருக்கிறது, இதற்கு ஐரெஸ் என்று பெயர், 1988-இல் வெளிவந்த செய்தி. இப்போது வைரஸின் 2ஏ என்ன செய்கிறது என்று பாருங்கள். இஐஎஃப்4ஜி-யை வெட்டுகிறது, அதுவும் சரியாகப் பார்த்து வெட்டுகிறது. தொப்பி பக்கம் ஒட்டும் துண்டு ஒருபுறம், ரைபோசோம் பக்கம் ஒட்டும் துண்டு மறுபுறம். செல்லின் எம்ஆர்என்ஏக்களுக்குப் பாலம் போய்விட்டது. ஐரெஸுக்கோ ரைபோசோம் பக்கத்துத் துண்டு மட்டும் இருந்தால் போதும், அது கூடுதலாகவே கிடைக்கிறது. செல்லின் புரதத் தயாரிப்பு படுத்துவிட, ரைபோசோம்கள் எல்லாம் வைரஸ் வேலைக்கு வந்துவிடுகின்றன.

ஆனால் ஆரம்பத்தில் கணக்கு சரியாக வரவில்லை. இஐஎஃப்4ஜி முழுவதும் வெட்டுப்பட்ட பிறகும் செல்லின் புரதத் தயாரிப்பு சிறிது நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் விளக்கமே தவறா என்று சந்தேகம் வந்தது. பிறகுதான் இஐஎஃப்4ஜி-க்கு அதே வேலை செய்யும் ஒரு இரட்டைப் புரதம் இருப்பது தெரியவந்து, 1998-இல் அந்த இரட்டை மெதுவாக வெட்டுப்படுவதும், அது வெட்டுப்படும் நேரமும் தயாரிப்பு நிற்கும் நேரமும் ஒத்துப்போவதும் காட்டப்பட்டன. ஒரு புரதத்தைப் பற்றிப் படிக்கும்போது இதற்கு இரட்டை உண்டா என்று கேட்கும் பழக்கத்தை இங்கிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி தேவைப்படும்.

அடுத்த சிக்கல் சுவாரசியமானது. ரைபோசோம் ஆர்என்ஏவை முன்னாலிருந்து பின்னால் படித்துக்கொண்டு வரும். 3டி பாலிமரேஸ் அதே ஆர்என்ஏவைப் பின்னாலிருந்து முன்னால் நகலெடுத்துக்கொண்டு போகும். ஒரே பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள், மோதத்தான் செய்யும். ஆகவே ஒரு கட்டத்தில் புரதத் தயாரிப்பை நிறுத்திவிட்டு நகலெடுப்பைத் தொடங்கவேண்டும். அதற்குச் சொந்தமாக ஒரு சுவிட்ச் இல்லாத போலியோ, செல்லின் பிசிபிபி2 என்ற புரதத்தை வைத்தே காரியத்தை முடித்துக்கொள்கிறது. பிசிபிபி2 முழுதாக இருக்கும்வரை ஐரெஸில் உட்கார்ந்து ரைபோசோமுக்கு உதவும். வைரஸின் வெட்டும் புரதங்களான 3சி, 3சிடி போதுமான அளவு சேர்ந்ததும் பிசிபிபி2-வின் ஒரு முனையை வெட்டிவிடுகின்றன. வெட்டுப்பட்ட பிசிபிபி2-வால் ரைபோசோமுக்கு உதவ முடியாது, ஆனால் ஆர்என்ஏவின் முன்முனையில் இருக்கும் மூவிலை போன்ற மடிப்பில் 3சிடி-யோடு சேர்ந்து உட்கார முடியும், அங்கேதான் நகலெடுப்பு தொடங்குகிறது. ஒரே புரதம், முழுதாக ஒரு வேலைக்கு, வெட்டி இன்னொரு வேலைக்கு. "வைரஸ் செல்லின் புரதத்தை அழிக்கிறது" என்று எழுதியிருந்தால் அப்படியே நம்பிவிடாமல், வெட்டிய துண்டு என்ன ஆனது என்று பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இந்தப் பட்டியலில் வரும் புரதங்கள் பல, சாதாரணமாக உட்கருவில் இருப்பவை, போலியோ பெருகுவதோ உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில். எப்படிக் கிடைக்கின்றன என்றால், அதே 2ஏ உட்கருவின் துளைகளில் உள்ள புரதங்களையும் வெட்டிவிடுகிறது, உள்ளே இருக்க வேண்டியவை வெளியே கசிந்துவிடுகின்றன.

இடம் பிடித்தல் என்று எழுதினோமே, அங்கே இரண்டு பெயரைக் குறித்துக்கொண்டால் போதும்: ஜிபிஎஃப்1, பிஐ4கேபி. இரண்டும் செல்லின் புரதங்கள், தயாரான புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கி என்ற உறுப்பில் வேலை பார்ப்பவை. வைரஸின் 3ஏ இவற்றை இழுத்துக்கொள்ள, பிஐ4கேபி ஒரு குறிப்பிட்ட கொழுப்பு மூலக்கூறைக் குவித்துத் தள்ள, அந்தக் கொழுப்பைப் பிடித்துக்கொண்டு கொலஸ்ட்ரால் வந்து சேர, கோல்கி கலைந்துபோய் அதன் இடத்தில் வைரஸின் பட்டறைகள் முளைக்கின்றன. மைக்ரோஸ்கோப் படங்களில் இந்தக் கொப்புளக் கூட்டத்தைப் பார்த்தால் செல்லா இது என்று தோன்றும்.

நகலெடுப்புக்குப் பக்கத்தில் ஒரு துப்பறியும் கதையும் உண்டு. வைரஸின் ஆர்என்ஏ முனையில் அந்தக் குட்டிப் புரதம் விபிஜி ஒட்டியே உள்ளே வருகிறது, ஆனால் ரைபோசோமில் ஏறியிருக்கும் வைரஸ் ஆர்என்ஏவில் விபிஜி இருப்பதில்லை. செல்லில் ஏதோ ஒன்று அதைக் கழற்றுகிறது என்று 1978-இலேயே தெரியும். எது என்று தெரிய 2012 ஆனது: டிடிபி2. இதன் அன்றாட வேலை டிஎன்ஏ பழுதுபார்ப்பு. டோபோஐசோமரேஸ் என்ற என்சைம் டிஎன்ஏவோடு சிக்கிக்கொள்ளும்போது, டைரோசினுக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையே உள்ள பிணைப்பை அறுத்து விடுவிக்கும். விபிஜி ஆர்என்ஏவோடு ஒட்டியிருப்பதும் அதே வகைப் பிணைப்புதான். ஆகவே தாளில் ஒவ்வொரு புரதத்தின் கீழும் அதன் அன்றாட வேலையை ஒரு வரி எழுதிவையுங்கள். பல நேரம் வைரஸ் அதே வேலையைத்தான் வேறு பொருளில் வாங்குகிறது.

பல நேரம் என்றுதான் சொன்னேன், எப்போதும் இல்லை. செட்டி3 என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லின் சட்டகப் புரதமான ஆக்டினில் மெத்தில் குழு என்ற சின்ன வேதி ஒட்டைச் சேர்ப்பது அதன் வேலை. 2019-இல், போலியோவின் குடும்பத்தைச் சேர்ந்த பல எண்டெரோவைரஸ்களுக்கு இது அவசியம் என்று கண்டார்கள், வைரஸின் 2ஏ இதைப் பிடித்துக்கொள்கிறது. மெத்தில் ஒட்டும் வேலைதான் வைரஸுக்குத் தேவை என்று யாரும் நினைப்பார்கள். அதைச் சோதிக்க, மெத்தில் ஒட்ட முடியாதபடி முடமாக்கிய செட்டி3-ஐ, செட்டி3 இல்லாத செல்லுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். வைரஸ் நன்றாகவே வளர்ந்தது. ஆக வைரஸுக்கு அந்தப் புரதத்தின் உடம்பு வேண்டும், தொழில் வேண்டாம். செட்டி3 இல்லாத எலிகள் உயிரோடுதான் இருக்கின்றன, ஆபத்தான அளவு வைரஸையும் தாங்குகின்றன, ஆனால் பெண் எலிகளுக்குப் பிரசவம் சிரமமாகிறது, கர்ப்பப்பைத் தசை சரியாகச் சுருங்குவதில்லை. மருந்தாக்கலாம் என்று துள்ளுவதற்கு முன் பார்க்க வேண்டிய வரி அது.

சரி, தாள் நிரம்பிவிட்டது. இப்போது எழுதியதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரிக்கவேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான வேலை, செய்தித்தாள்களும் சில ஆய்வாளர்களும் சறுக்குவது இங்கேதான்: ஒட்டுவது வேறு, தேவைப்படுவது வேறு.

வைரஸ் புரதம் ஒன்றில் ஒரு கொக்கியை மாட்டி, செல்லுக்குள் வைத்து, அதோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) பார்ப்பார்கள். 2020-இல் சார்ஸ்-கோவ்-2-வின் 26 புரதங்களை இப்படிச் செய்து, மனிதப் புரதங்களோடு 332 உறவுகளைப் பட்டியலிட்டார்கள். அருமையான பட்டியல்தான், ஆனால் 332-ம் வைரஸுக்குத் தேவை என்று அதற்குப் பொருளல்ல. சில தற்செயலாக ஒட்டும். சில செல்லின் காவல் புரதங்கள், வைரஸ் அவற்றை முடக்கப் பிடித்திருக்கும், அவற்றை நீக்கினால் வைரஸுக்கு இன்னும் கொண்டாட்டம். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காகத் தாளில் ஏற்றவேண்டாம், பென்சிலால் ஓரமாக எழுதிவையுங்கள்.

பேனாவால் எழுத வேண்டுமானால் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்திருக்க வேண்டும். மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் வைத்து ஒரு செல்லுக்கு ஒரு மரபணு என்று ஆயிரக்கணக்கில் நீக்கி, எல்லாவற்றின் மேலும் வைரஸை ஊற்றி, யார் பிழைத்தார்கள் என்று எண்ணுவார்கள். கிரிஸ்பருக்கு முன்பே, ஒற்றைத் தொகுதி குரோமோசோம் கொண்ட ரத்தப் புற்றுநோய் செல்களில் இதே வேலையைச் செய்துதான் எபோலாவுக்கு என்பிசி1 வேண்டும் என்று 2011-இல் கண்டார்கள். நீமன்-பிக் என்ற அரிய பரம்பரை நோயில் பழுதாகும் அதே புரதம் அது, அந்த நோயாளிகளின் செல்களில் எபோலா நுழைய முடியவில்லை.

இந்த முறைக்கும் குருட்டுப் பக்கங்கள் உண்டு. ரைபோசோம் புரதத்தை நீக்கினால் செல்லே செத்துவிடும், ஆகவே வைரஸுக்கு எல்லாவற்றையும்விட அவசியமானவை பட்டியலில் வராமலே போய்விடலாம். இரட்டைப் புரதங்களும் ஏமாற்றும். இன்ஃப்ளூயன்சாவின் பாலிமரேஸுக்கு ஏஎன்பி32ஏ, ஏஎன்பி32பி என்ற இரண்டில் ஏதாவது ஒன்று மனிதச் செல்லில் இருந்தால் போதும். ஒன்றை நீக்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, இரண்டையும் நீக்கினால் பாலிமரேஸ் படுத்துவிடும். ஒவ்வொன்றாக நீக்கும் சோதனையில் இது சிக்கியிருக்காது. "தேவையில்லை என்று நிரூபிக்கப்பட்டது" என்ற வரியைப் பார்த்தால் இரட்டையையும் நீக்கினார்களா என்று பாருங்கள்.

நீக்கினால் நிற்கிறது என்று காட்டியதோடு போதாது, திருப்பிக் கொடுத்தால் மீண்டும் வளர்கிறதா என்றும் காட்டவேண்டும். நீக்கியதால் செல் நோஞ்சானாகி, அதனால் வைரஸும் வளரவில்லை என்றால் அது வெறும் பக்கவிளைவு. ஆகவே செல்லின் ஆரோக்கியத்தைத் தனியாக அளந்தார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் பின்னிணைப்பில் ஒளிந்திருக்கும், தேடி எடுங்கள். மருந்தை மட்டும் ஊற்றிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்திருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை, மருந்து வேறு எதையெல்லாம் தொடுகிறதோ.

செல்லையே ஒதுக்கிவிட்டுச் செய்த சோதனை இருந்தால் அது தங்கம். 1991-இல், ஹீலா செல்களை (ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனிதச் செல்கள்) உடைத்து உட்கருவை நீக்கிய சாற்றில் போலியோவின் ஆர்என்ஏவைப் போட்டு, தொற்றும் திறனுள்ள முழு வைரஸைச் சோதனைக்குழாயில் எடுத்தார்கள். உயிருள்ள செல் தேவையில்லை, அதன் சாறு போதும். அப்படி ஒரு சாறு கையில் இருந்தால், அதிலிருந்து ஒரு புரதத்தை எடுத்தும் சேர்த்தும் எந்தக் கட்டம் நிற்கிறது என்று நேரடியாகப் பார்க்கலாம்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. "செல்லின் புரதத்தைக் குறிவைத்தால் வைரஸால் தப்பவே முடியாது, மாறிக்கொண்டிருப்பது வைரஸ்தானே" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பாதி உண்மை. மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவும் செல்லின் ஹெச்எஸ்பி90-ஐத் தடுத்தபோது போலியோவிடம் எதிர்ப்பு உருவாகவில்லை என்று 2007-இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் எனவிராக்சிம் என்ற பொருள் குறிவைப்பது மேலே சொன்ன பிஐ4கேபி-யை, அதாவது செல்லின் புரதத்தை, அப்படியிருந்தும் வைரஸ் தன் 3ஏ-இல் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிக்கொண்டு தப்பிவிடுகிறது. எச்ஐவிக்கு எதிரான மராவிராக், 2007-இல் அனுமதி பெற்ற மருந்து, எச்ஐவி நுழையப் பயன்படுத்தும் செல்லின் சிசிஆர்5-ஐ அடைக்கிறது, அதற்கும் எதிர்ப்பு வருகிறது. மருந்திலிருந்து தப்பிய வைரஸின் மாற்றம் எங்கே விழுந்திருக்கிறது என்பது இலவசமாகக் கிடைக்கும் துப்பும்கூட: 3ஏ-இல் விழுந்தது என்றால் 3ஏ-க்கும் பிஐ4கேபி-க்கும் ஏதோ கணக்கு இருக்கிறது.

பழக அடுத்த வைரஸ் வேண்டுமா, டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள், மழைக்காலம் வந்தால் நம் எல்லாருக்கும் தெரிந்த பெயர்தானே. நேர்மறை ஆர்என்ஏ, போலியோவைப் போலவே ஒரே நீளப் புரதம், ஆனால் தொப்பி உண்டு, ஐரெஸ் கதையை அப்படியே இங்கே ஒட்டிவிடாதீர்கள். எண்டோபிளாச வலைப்பின்னலில் புரதங்களுக்குச் சர்க்கரை ஒட்டும் கூட்டணியின் எஸ்டிடி3ஏ, எஸ்டிடி3பி இரண்டும் டெங்குவுக்கு வேண்டும் என்று 2016-இல் கிரிஸ்பர் சோதனைகள் காட்டின. சர்க்கரை ஒட்டும் திறனை முடமாக்கிய வடிவங்களைத் திருப்பிக் கொடுத்தபோது என்ன நடந்தது என்று அந்தக் கட்டுரைகளில் தேடிப் பாருங்கள். செட்டி3 வரை வந்தவர்கள் விடையை இப்போதே ஊகித்திருப்பீர்கள்.